இன்பாக்ஸில் வைரஸ் என்று எச்சரிக்கை வந்தால்: மற்ற அஞ்சல்களை இழக்காமல் அகற்றும் முறை

கணினியில் தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் நிரலை வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் ஆன்டிவைரஸ் ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டும். 'இன்பாக்ஸ் என்ற கோப்பில் வைரஸ் உள்ளது, நீக்கவா?' என்று கேட்கும். பதற்றத்தில் 'நீக்கு' என்பதை அழுத்திவிடாதீர்கள். ஆன்டிவைரஸ் அங்கே கோப்பு என்று சொல்வது வைரஸ் வந்த ஒரே ஓர் அஞ்சலை அன்று. பல ஆண்டுகளாக உங்களுக்கு வந்த கடிதங்கள், ரசீதுகள், படங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் முழு இன்பாக்ஸையும்தான் அது குறிப்பிடுகிறது. வைரஸ் செய்யாத சேதத்தை அந்த ஒரு சொடுக்கு செய்துவிடும்.

அஞ்சலுக்குள் கிடக்கும் வைரஸ் அவசரமான ஆபத்து அல்ல. நிதானமாக, சரியான வரிசையில் அகற்றினால் மற்ற அஞ்சல்களில் ஒன்றைக்கூட இழக்க வேண்டியதில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணத்துக்குத் தண்டர்பேர்டை எடுத்துக்கொள்கிறேன். அது இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது, அஞ்சல்களை வைக்கும் விதமும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியது.

அஞ்சல்கள் எங்கே இருக்கின்றன

தண்டர்பேர்டின் உதவிப் பட்டியில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் வரும் பக்கத்தில் 'புரொஃபைல் ஃபோல்டர்' என்பதற்கு எதிரே கோப்புறையைத் திறக்கும் பொத்தான் உண்டு. அங்கே 'மெயில்', 'இமேப்மெயில்' என்ற பெயர்களில் கோப்புறைகளைக் காணலாம். பாப் முறையில் (சர்வரிலிருந்து அஞ்சலைக் கணினிக்கு இறக்கிவிடும் முறை) இறக்கிய அஞ்சல்களும், 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதியில் நீங்களே எடுத்து வைத்தவையும் 'மெயில்' கோப்புறையில் இருக்கும். ஐமேப் கணக்குகளின் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்திருக்கும் முறை) உள்ளூர்ப் பிரதி 'இமேப்மெயில்' கோப்புறையில் இருக்கும்.

ஏதாவது ஒரு கணக்கின் கோப்புறைக்குள் போய்ப் பாருங்கள். 'இன்பாக்ஸ்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். பின்னொட்டு (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) எதுவும் இல்லாத பெரிய கோப்பில்தான் அஞ்சல்கள் உள்ளன. எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இருக்கும் சிறிய கோப்பு வெறும் அட்டவணை. அட்டவணை கெட்டுப்போனாலும் அழிந்துபோனாலும் தண்டர்பேர்ட் புதிதாக ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும். பெரிய கோப்பு போனால் அஞ்சல்களும் அதோடு போய்விடும்.

இந்த அமைப்புக்கு எம்பாக்ஸ் என்று பெயர். 1970களில் யூனிக்ஸ் கணினிகளில் தோன்றிய முறை இது. 2004 டிசம்பரில் வெளிவந்த தண்டர்பேர்டின் முதல் பதிப்பிலிருந்து இன்றுவரை இயல்பாக அமைந்திருப்பதும் இதுதான். ஒரு கோப்புறையில் உள்ள அஞ்சல்கள் எல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படும். புதியது வந்தால் கடைசியில் சேர்க்கப்படும்.

இதைக் கண்ணால் பார்ப்பது நல்லது. சில அஞ்சல்கள் மட்டுமே உள்ள சிறிய கோப்புறை ஒன்றின் கோப்பை மேசைத்திரைக்கு நகலெடுத்து, அந்த நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். மூலக் கோப்பைத் திறக்க வேண்டாம். ஒவ்வோர் அஞ்சலும் 'ஃப்ரம்' என்ற சொல்லில் தொடங்கும் ஒரு வரியோடு ஆரம்பிக்கும். அடுத்த வரிகளில் ஒன்று 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்'. அதன் எதிரே நான்கு இலக்கம் இருக்கும். அதற்குக் கீழே அனுப்பியவர், பெறுபவர், பொருள், தேதி ஆகியவையும் கடிதத்தின் உடலும் வரும். இணைப்பு இருந்தால் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறைந்த பெரிய பாளமாக, பல நூறு வரிகளுக்கு நீண்டிருக்கும். படமோ நிரலோ எதுவானாலும் பேஸ்64 என்ற குறியாக்கத்தால் எழுத்துகளாக மாற்றித்தான் அஞ்சலில் அனுப்புகிறார்கள். மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாவதால் இணைப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

கூர்ந்து பார்த்தால் அந்தப் பாளத்தின் முதல் எழுத்துகளே உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். பெரிய டி, பெரிய வி, சிறிய க்யூ, பெரிய க்யூ என்று தொடங்கினால் பெரும்பாலும் அது விண்டோஸில் இயங்கும் நிரல். பெரிய யூ, பெரிய இ, சிறிய எஸ், பெரிய டி என்று தொடங்கினால் ஜிப் கோப்பு. இன்றைய வேர்டு, எக்செல் ஆவணங்களும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே என்பதால் அவையும் இப்படித்தான் தொடங்கும். 'பில்' என்று பெயரிட்டு வந்த இணைப்பு அந்த டி, வி, க்யூ, க்யூ எழுத்துகளோடு தொடங்கினால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வைரஸ் ஏன் அங்கே சும்மா கிடக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். எழுத்துப் பாளமாக இருக்கும்வரை அதனால் இயங்க முடியாது. யாராவது இணைப்பைத் திறந்தால்தான் அது மீண்டும் நிரலாக மாறி வட்டில் எழுதப்பட்டு இயங்கும். அஞ்சலைப் பார்த்தாலே வைரஸ் தொற்றிய காலம் உண்டு. 2001-இல் பரவிய க்ளெஸ் என்ற வைரஸ், மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் நிரலும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் அஞ்சலைக் காட்டுவதற்கு நம்பியிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஓட்டை வழியாக, முன்னோட்டத்திலேயே இயங்கியது. தண்டர்பேர்ட் அஞ்சல்களில் வரும் ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. வெளித்தளப் படங்களையும் கேட்காமல் இறக்குவதில்லை. நிரலை அவ்வப்போது புதுப்பித்து வந்தால், அஞ்சல் பட்டியலைப் பார்ப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

நீக்கினால் ஏன் போவதில்லை

புதியவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். சந்தேகமான அஞ்சலை நீக்குகிறார்கள். பட்டியலிலிருந்து அது மறைந்துவிடுகிறது. மறுநாள் ஆன்டிவைரஸ் அதே எச்சரிக்கையைத் தருகிறது. சில சமயம் ஒன்றுக்கு இரண்டாகத் தருகிறது.

பேரேட்டில் ஒரு வரியைத் தப்பாக எழுதிவிட்டால் பக்கத்தைக் கிழிப்பதில்லை, அந்த வரியின்மேல் கோடு போட்டுவிடுகிறோம். எம்பாக்ஸில் நடப்பதும் அதுதான். நீங்கள் நீக்கிய அஞ்சலின் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' வரியில் 0001 என்று இருந்தது 0009 என்று மாறுகிறது. ஒன்று என்பது படித்த அஞ்சல். அதோடு எட்டைக் கூட்டினால் நீக்கப்பட்டது என்று பொருள். தண்டர்பேர்ட் அதன்பிறகு அதைப் பட்டியலில் காட்டாது. ஆனால் கடிதமும் இணைப்பும் அப்படியே கோப்பில் கிடக்கும். போதாக்குறைக்கு, சாதாரணமாக நீக்கினால் அந்த அஞ்சலின் பிரதி ஒன்று 'ட்ராஷ்' என்ற குப்பைக் கோப்புறைக்கும் போகிறது. ஆக, இன்பாக்ஸ் கோப்பில் கோடு போட்ட பிரதி, ட்ராஷ் கோப்பில் உயிருள்ள பிரதி என இரண்டு. ஆன்டிவைரஸ் கோட்டைப் பார்ப்பதில்லை, கோப்பின் பைட்டுகளைப் பார்க்கிறது. அதனால் இரண்டையும் பிடிக்கிறது.

கோடு போட்டவற்றை உண்மையிலேயே எடுத்தெறிவதற்கு 'காம்பேக்ட்' என்ற கட்டளை உண்டு. உயிருள்ள அஞ்சல்களை மட்டும் ஒரு தற்காலிகக் கோப்பில் திரும்ப எழுதி, பழைய கோப்புக்குப் பதிலாக அதை வைப்பதுதான் அதன் வேலை. அது முடிந்தால்தான் அஞ்சல் வட்டிலிருந்த கோப்பை விட்டு நீங்கியது என்று சொல்லலாம்.

இனி வேலையைத் தொடங்கலாம்

முதலில் ஆன்டிவைரஸின் அறிக்கையைத் திறந்து, எந்தக் கோப்பு, எந்த வைரஸ் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பின் பாதை முழுவதும் வேண்டும். வைரஸ் இன்பாக்ஸில் இருக்கிறதா, ட்ராஷிலா, வேண்டாத அஞ்சல்கள் போகும் ஜங்க்கிலா என்பது அதில்தான் தெரியும். சில ஆன்டிவைரஸ்கள் அஞ்சலின் பொருள், அனுப்பியவர், தேதி வரை சொல்லிவிடும். அப்படிச் சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது. எழுதிக்கொண்டபின் 'இப்போதைக்கு எதுவும் செய்யாதே' என்ற பொருளில் உள்ள பொத்தானைத் தேர்ந்தெடுங்கள். கேட்காமலே நீக்கும்படி உங்கள் ஆன்டிவைரஸ் அமைக்கப்பட்டிருந்தால், அதன் அமைப்புகளில் தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறையை விலக்குப் பட்டியலில் (சோதிக்க வேண்டாதவற்றின் பட்டியல்) சேருங்கள். இதனால் பாதுகாப்பு பெரிதாகக் குறைந்துவிடாது. இணைப்பைத் திறக்கும்போதோ சேமிக்கும்போதோ அது அந்தக் கோப்புறைக்கு வெளியே எழுதப்படும். ஆன்டிவைரஸ் அங்கே அதைப் பிடித்துவிடும்.

அடுத்து, உங்கள் கணக்கு பாப் முறையா ஐமேப் முறையா என்று பாருங்கள். கணக்கு அமைப்புகளில் 'சர்வர்' பகுதியில் அது எழுதியிருக்கும். ஐமேப் என்றால் மூல அஞ்சல் சர்வரில் இருக்கிறது. உங்கள் கணினியில் இருப்பது பிரதி. அந்தப் பிரதியை ஆன்டிவைரஸ் அழித்தாலும் தண்டர்பேர்ட் திரும்ப இறக்கிக்கொள்ளும், வைரஸ் அஞ்சலையும் சேர்த்தே. எனவே சர்வரிலிருந்து நீக்காமல் இதற்கு முடிவே இல்லை. பாப் கணக்கு என்றால் பெரும்பாலும் உங்கள் கணினியில் இருப்பது மட்டுமே பிரதி. அங்கேதான் அதிகக் கவனம் தேவை.

மூன்றாவதாக ஒரு நகல். தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு, புரொஃபைல் கோப்புறை முழுவதையும் வெளிவட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். நிரல் திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது, அந்த நேரத்தில் கோப்புகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். நகலுக்குள்ளும் வைரஸ் அஞ்சல் இருக்கும் என்பதால் கோப்புறையின் பெயரிலேயே தேதியோடு 'வைரஸ் உள்ளது' என்று எழுதிவையுங்கள். எவ்வளவு அவசரமானாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்து வரும் எல்லாவற்றிலும் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம் என்ற துணிவு இந்த நகலால்தான் வருகிறது.

நான்காவது, அஞ்சலைக் கண்டுபிடிப்பது. தண்டர்பேர்டைத் திறந்ததும் எஃப்8 விசையை அழுத்தி முன்னோட்டப் பகுதியை மூடிவிடுங்கள். அறிக்கையில் பொருள் வரி இருந்தால் அதைக்கொண்டு தேடுங்கள். இல்லையென்றால் பட்டியலுக்கு மேலே உள்ள விரைவு வடிகட்டியில் இணைப்பு உள்ளவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான அஞ்சல்கள் சில நூறாகக் குறைந்துவிடும். எதிர்பாராத பில், கூரியர் அறிவிப்பு, 'நிலுவைத் தொகை' என்ற பொருளில் வந்தவற்றை முதலில் பாருங்கள். பின்னொட்டு இரட்டையாக இருந்தால் கட்டாயம் சந்தேகியுங்கள். 2000 மே மாதம் உலகம் முழுதும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இப்படித்தான் ஏமாற்றியது. உண்மையில் அதன் இணைப்பின் கடைசிப் பின்னொட்டு விபிஎஸ், அதாவது திறந்தால் இயங்கும் நிரல். விண்டோஸ் அந்தப் பின்னொட்டை மறைத்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது டிஎக்ஸ்டி என்ற சாதாரண உரைக் கோப்பாகத் தெரிந்தது.

தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பதற்காக ஓர் அஞ்சலை விட்டுவிடாதீர்கள். எமோடெட் என்ற வைரஸ், பாதிக்கப்பட்டவர்களின் உண்மையான கடித உரையாடல்களைத் திருடி, அவற்றுக்குப் பதில் போலவே தன் இணைப்பை அனுப்பியது. இப்படிப்பட்ட நேரத்தில் முழு உரையாடலையும் சேர்த்து நீக்கிவிடக் கூடாது. இணைப்பு வந்த அந்த ஒரே அஞ்சலைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் விசையோடு யூ விசையை அழுத்துங்கள். அஞ்சலின் மூல உரை திறக்கும். எதையும் இயக்காமல் இணைப்பின் பெயரையும், முன்பு சொன்ன முதல் எழுத்துகளையும் அங்கே பார்த்துவிடலாம்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் பாதியாக்கும் முறை கைகொடுக்கும். லோக்கல் ஃபோல்டர்ஸின் கீழ் 'சோதனை 1' என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, வடிகட்டிய அஞ்சல்களில் பாதியை அங்கே நகலெடுங்கள். நகர்த்த வேண்டாம், நகல் போதும். பிறகு அந்தக் கோப்பை மட்டும் ஆன்டிவைரஸைக் கொண்டு சோதியுங்கள். எச்சரிக்கை வந்தால் அந்தப் பாதியில் இருக்கிறது, வராவிட்டால் மற்றதில். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கி 'சோதனை 2' என்று வையுங்கள். 250 அஞ்சல்கள் என்றால் 8 முறையில் ஒன்றில் வந்து நிற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ் அஞ்சல்கள் இருக்கலாம் என்பதால், ஒன்று கிடைத்தபிறகு எஞ்சியவற்றையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சோதனைக் கோப்புறைகளை நீக்க மறக்காதீர்கள். நீக்கியதும் அவை ட்ராஷுக்குள்தான் போகும். அங்கிருந்தும் அகற்ற வேண்டும்.

லினக்ஸில் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் அறிக்கை பெரும்பாலும் கோப்பின் பெயரோடு நின்றுவிடும். எந்த அஞ்சல் என்று சொல்லாது. அதனால் பாதியாக்கும் முறை அங்கே மிகவும் பயன்படும். தொற்றிய கோப்பை நீக்கும் 'ரிமூவ்' தெரிவையோ, வேறிடத்துக்கு மாற்றும் 'மூவ்' தெரிவையோ அஞ்சல் கோப்புறையின்மேல் ஒருபோதும் ஏவாதீர்கள். அது சொன்னதைச் செய்யும்: முழு இன்பாக்ஸையும் எடுத்துவிடும்.

ஐந்தாவது, நீக்குதல். அஞ்சலைத் திறக்காமல் பட்டியலில் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலீட்டை அழுத்துங்கள். இப்படிச் செய்தால் ட்ராஷுக்குப் பிரதி போகாது. ஏற்கெனவே சாதாரணமாக நீக்கியிருந்தால் ட்ராஷைக் காலி செய்யுங்கள். ஜங்க் கோப்புறையையும், நீங்கள் அந்த அஞ்சலை யாருக்காவது முன்னனுப்பியிருந்தால் அனுப்பியவை கோப்புறையையும் பாருங்கள். கடிதத்தின் உரை தேவை, இணைப்பு மட்டும்தான் வேண்டாம் என்றால், இணைப்பின்மேல் வலச்சொடுக்கி அதை மட்டும் நீக்கும் வசதி இருக்கிறது. தண்டர்பேர்ட் அப்போது இணைப்பில்லாத புதுப் பிரதியை எழுதிவிட்டுப் பழையதன்மேல் கோடு போடுகிறது. எனவே அடுத்த படி அதற்கும் தேவைதான்.

ஆறாவது, காம்பேக்ட். கோப்புறையின்மேல் வலச்சொடுக்கினால் அந்தக் கட்டளை கிடைக்கும். இன்பாக்ஸ், ட்ராஷ், ஜங்க் என்று தொட்ட ஒவ்வொன்றிலும் செய்யுங்கள். தொடங்குமுன் வட்டில் அந்தக் கோப்பின் அளவுக்காவது காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகக் கோப்புக்கு அது தேவை. நடந்துகொண்டிருக்கும்போது நிரலை மூடாதீர்கள், மடிக்கணினியைத் தூங்கவைக்காதீர்கள். மின்வெட்டு வரக்கூடிய ஊர்களில் பேட்டரியிலோ யுபிஎஸ்ஸிலோ இருக்கும்போது செய்வது உத்தமம். பல ஜிபி உள்ள இன்பாக்ஸுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முடிந்ததும் பட்டியல் குழம்பித் தெரிந்தால் கோப்புறையின் பண்புகளில் 'ரிப்பேர் ஃபோல்டர்' என்பதை அழுத்துங்கள். அட்டவணை புதிதாக எழுதப்படும்.

ஐமேப் கணக்கில் காம்பேக்ட் செய்தால், நீக்கியதாகக் குறித்தவை சர்வரிலிருந்தும் அகலும். இருந்தாலும் ஒருமுறை உலாவியில் கணக்கைத் திறந்து, அங்குள்ள குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஜிமெயிலில் குப்பைக்குப் போனது 30 நாட்களுக்குப்பின் தானே அழியும், ஆனால் காத்திருக்கத் தேவையில்லை. பாப் கணக்கில் 'சர்வரில் பிரதியை வைத்திரு' என்ற தெரிவு போட்டிருந்தால் அங்கும் மூலம் இருக்கும். அதையும் உலாவியிலேயே நீக்குங்கள்.

கடைசியாக ஆன்டிவைரஸை ஏவி, புரொஃபைல் கோப்புறையைக் குறிப்பிட்டுச் சோதியுங்கள். கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தால் சோதனை நேரத்தில் அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சோதிக்காமலே 'எல்லாம் சுத்தம்' என்று சொல்லிவிடும். அப்போதும் ஆன்டிவைரஸ் கேட்காமல் நீக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இல்லையென்றால், சில வாரங்கள் கழித்து அஞ்சல்கள் எல்லாம் ஒழுங்காக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, வெளிவட்டில் உள்ள பழைய நகலை அழித்துப் புது நகல் எடுங்கள்.

ஆன்டிவைரஸ் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால்

இன்பாக்ஸ் திடீரென்று காலியாகத் தெரிகிறது என்றால், ஆன்டிவைரஸ் பிடித்த கோப்புகளை ஒதுக்கி வைக்கும் தனிமைப்படுத்தும் பகுதியில் கோப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பகுதியைக் காலி செய்யாதீர்கள். தண்டர்பேர்டை மூடுங்கள். இதற்குள் அது புதிய இன்பாக்ஸ் கோப்பு ஒன்றை உண்டாக்கியிருக்கும். அதன்பின் வந்த அஞ்சல்கள் அதில் இருக்கும். அந்தக் கோப்பின் பெயரை 'புதியவை' என்பது போல மாற்றி வையுங்கள். எம்எஸ்எஃப் அட்டவணையை அழித்துவிடுங்கள். புரொஃபைல் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்தபிறகு, ஆன்டிவைரஸிலிருந்து பழைய இன்பாக்ஸை அதன் பழைய இடத்திற்கே மீட்டெடுங்கள். நிரலைத் திறந்தால் இன்பாக்ஸ் திரும்பியிருக்கும். புதியவை தனிக் கோப்புறையாகத் தெரியும். அதன்பிறகு மேலே சொன்ன படிகளை முதலிலிருந்து செய்யுங்கள்.

இந்த நிலை திரும்ப வராமல் இருக்க, பாப் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு தண்டர்பேர்டிலேயே ஒரு வசதி இருக்கிறது. அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு பகுதியின் கீழே 'ஆன்டிவைரஸ்' என்ற தலைப்பில் ஒரே ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால், வரும் ஒவ்வோர் அஞ்சலும் முதலில் தனித் தற்காலிகக் கோப்பாக எழுதப்பட்டு, பிறகே இன்பாக்ஸில் சேரும். வைரஸ் இருந்தால் ஆன்டிவைரஸ் அந்தத் தனிக் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். அஞ்சல் நிரலை நிறுவிய அன்றே இந்தக் குறியைப் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேறு நிரல்கள்

அவுட்லுக்கின் பழைய மேசைக்கணினிப் பதிப்புகளில் நிலைமை இன்னும் இறுக்கமானது. பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் அஞ்சல்கள், நாட்காட்டி, தொடர்புகள் எல்லாம் இருக்கின்றன. 2003-க்கு முந்தைய பதிப்புகளில் அந்தக் கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. 2010 முதல் இயல்பான வரம்பு 50 ஜிபி. ஆன்டிவைரஸ் அதை எடுத்தால் எல்லாமே போகும். வழி அதேதான்: நிரலுக்குள்ளிருந்து ஷிஃப்ட் டெலீட், பிறகு கணக்கு அமைப்புகளில் தரவுக் கோப்பைத் தேர்ந்தெடுத்து 'காம்பேக்ட் நவ்'. அலுவலகத்தின் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வர்) கணக்கு என்றால் நீக்கியதைச் சர்வரிலிருந்து மீட்கும் பகுதியிலும் அது கொஞ்ச காலம் தங்கியிருக்கும். அங்கும் போய் அழியுங்கள். ஆப்பிள் மெயில் ஒவ்வோர் அஞ்சலையும் தனிக் கோப்பாகவே வைப்பதால் இந்தத் தலைவலி அங்கே இல்லை. தண்டர்பேர்டிலும் புதிய கணக்கு தொடங்கும்போது மெயில்டிர் என்ற தனிக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

இணைப்பை ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால், அஞ்சலை நீக்குவது இரண்டாவது வேலை. முதலில் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். முழுக் கணினியையும் சோதியுங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து அஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். உங்கள் முகவரியிலிருந்து மற்றவர்களுக்கு இணைப்பு போயிருக்கலாம் என்பதால், அடிக்கடி எழுதிக்கொள்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.